கொட்டாங்குச்சியில் ஒரு பயறுத் தோட்டம்

வீட்டில் 3 முதல் 6 வயதுக் குழந்தை இருக்கிறதா? தேங்காய் துருவியதும் கண் உள்ள மூடியை எறியாதீர்கள். மூன்று கண்களில் மிருதுவானதை ஆணியால் குத்திவிட்டால் நீர் வடிய வழி தயார். மண் நிரப்புவதைக் குழந்தையிடமே விடுங்கள். கை அழுக்காகட்டும், கழுவிக்கொள்ளலாம்.

இரவு முழுவதும் ஊறிய பச்சைப்பயறு ஐந்தாறு போதும். விரல் நுனி ஆழத்தில் குழி, குழிக்கு ஒரு பயறு. (சின்னஞ்சிறுசுகள் பயறை மூக்கில் போட்டுக்கொள்ளும், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.)

மூன்று நான்கு நாளில் தண்டு கூன் போட்டபடி மண்ணை முட்டிக்கொண்டு வரும். சிலவற்றின் தலையில் பச்சைத் தோல் தொப்பிபோல ஒட்டியிருக்கும். அதைப் பிய்க்கக் குழந்தைக்குக் கை துறுதுறுக்கும். "அதுவே கழற்றிக்கொள்ளும், பொறுத்துப் பார்ப்போமா?" என்று கேளுங்கள். என் பேத்தி மறுநாள் பல்கூடத் துலக்காமல் ஓடிப்போய்ப் பார்த்தாள். தொப்பி மண்ணில் கிடந்தது. அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் மண்ணைத் தொடச் சொல்லுங்கள். காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். கூடவே, "உனக்குத் தாகமாக இருக்கிறதா?" என்றும் கேளுங்கள். தன் உடம்பு சொல்வதைக் கவனிக்கக் குழந்தை இப்படித்தான் பழகும். எனக்கு இந்தப் பகுதிதான் மிகவும் பிடித்தது.

ஜன்னலோரம் வைத்த செடி வெளிச்சத்தின் பக்கம் சாயும். கொட்டாங்குச்சியைத் திருப்பி வையுங்கள். ஓரிரு நாளில் மீண்டும் வெளிச்சத்தை நோக்கி வளைந்துவிடும். காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள்.