விலா எலும்பு முறிந்தால் கட்டுப் போடாதீர்கள்

போன ஐப்பசி அடைமழையில் என் வலது விலா எலும்பு முறிந்தது. ஆத்தங்குடிக் கல் பாவிய தரை ஈரத்தில் வழுக்கும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறவள் நான். சாரல் அடித்த வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், அவசரமாக நடந்து, பித்தளை அண்டாவின் விளிம்பில் போய் விழுந்தேன். வயது 63.

முறிந்திருக்கலாம் என்பதை வலியே சொல்லிவிடும். மூச்சை முழுதாக இழுக்க முடியாது. இருமினால், சிரித்தால், படுக்கையில் புரண்டால் ஒரே இடத்தில் குத்தும். அந்த இடத்தை விரலால் தொட்டாலே உயிர் போகும். எனக்கு முதலில் எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மெல்லிய கீறல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவது உண்டு. அடி மட்டும் பட்டிருந்தாலும், கீறல் விழுந்திருந்தாலும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான்.

எதிர்வீட்டு ஆச்சி, எலும்புக் கட்டுப் போடுகிறவரை அழைத்து வரட்டுமா என்று கேட்டார்கள். அன்பாகத்தான் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். கை கால் என்றால் அசையாமல் வைக்கலாம். விலா எலும்போ நிமிடத்துக்குப் பன்னிரண்டு முறையாவது அசைந்தே தீரும். நெஞ்சை இறுக்கிக் கட்டினால் நுரையீரலின் அடிப்பகுதி விரியாது, சளி தங்கும், நிமோனியா வரலாம். என் வயதில் முறிவைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆகவே செய்ய வேண்டியது வலியை அடக்கி, ஆழமாக மூச்சு விடுவது. டாக்டர் பாராசிட்டமால் எழுதித் தந்தார். வலித்த பிறகு விழுங்காமல் வேளை தவறாமல் போட்டேன். ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகவே கூடாது. ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம். முதல் இரண்டு நாள் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இருபது நிமிடம் வைத்தேன். விழித்திருக்கும்போது மணிக்கொரு தரம் பத்து ஆழ்ந்த மூச்சு. மூன்று பந்து வைத்த ஊதுகருவி ஒன்று மருந்துக்கடையில் கிடைக்கும். பெயர்தான் அப்படி, உண்மையில் அதில் ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். பேரன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. இருமல் வந்தால் அடக்காதீர்கள். தலையணையை விலாவோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள்.

இரவில் மல்லாந்து படுக்க முடியவில்லை. ஐயா பர்மாவிலிருந்து கொண்டு வந்த சாய்வு நாற்காலியில் பத்து நாள் தூங்கினேன். பகலில் வீட்டுக்குள்ளேயே முகப்புக்கும் பட்டாலைக்கும் மெல்ல நடந்தேன். தண்ணீர்க் குடம் தூக்குவது, குனிந்து கோலம் போடுவது எல்லாம் ஆறு வாரத்துக்கு மருமகள் பாடு.

நெஞ்சுக்கு நடுவே உள்ள மார்பெலும்பு முறிந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கார் விபத்தில் நெஞ்சில் அடிபடுவதால்தான் அது பெரும்பாலும் வரும். உள்ளே இதயத்திலும் அடி பட்டிருக்கலாம் என்பதால் இசிஜி எடுத்தே ஆக வேண்டும். அதே போல் மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், காய்ச்சல், மயக்கம் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். கீழ் விலாவில் அடிபட்டு வயிறோ தோள்பட்டையோ வலித்தாலும் தாமதிக்காதீர்கள். வலப்புறம் ஈரலும் இடப்புறம் மண்ணீரலும் அந்த எலும்புகளுக்குப் பின்னால்தான் இருக்கின்றன.

சும்மா இருமியதற்கே விலா முறிந்தால், எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். என்னையும் செய்யச் சொன்னார்கள்.

டாக்டரும் சொல்லாத எதிரி ஒன்று உண்டு: தும்மல். இரண்டாம் நாள் சமையற்கட்டில் வரமிளகாய் வறுத்தார்கள். நான்கு தும்மல். கண்ணில் தண்ணீர் வந்தது மிளகாயால் அல்ல. பொடி திரிக்கும் வேலையை அன்றே ஒத்திப்போடச் சொன்னேன்.

எட்டாம் வாரம் மிளகாய் மறுபடி அடுப்பேறியது. தும்மல் வந்தது, வலி வரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் தலையணையைத் தேடியது.