உப்புக்காற்றில் இறுகிய நட்டுகள்: வீட்டு முற்றத்தில் கார் திருத்துபவர்களுக்கு

கார்த் திருத்தக் கைநூல்களில் "நான்கு போல்ட்டுகளையும் கழற்றவும்" என்று ஒரே வரியில் எழுதியிருப்பார்கள். மட்டக்களப்பின் கல்லடியில் கடற்கரையை அண்டி இரவு பகலாக நிற்கும் காரில் அந்த ஒரு வரி ஒரு சனிக்கிழமையை முழுவதுமாக விழுங்கிவிடும். மூன்று போல்ட்டுகள் கழன்று, நான்காவதின் தலை மட்டும் ஸ்பனரோடு கையில் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் அதோடு போகும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள மணற்கீற்றில் குடியிருக்கும் எங்களுக்கு, நாவலடி முதல் காத்தான்குடி, கல்முனை வரை, இது பழகிப்போன கதை. வீட்டில் தொடங்கிய வேலை பாதியில் நிற்பதற்கு அறிவுக் குறைவு காரணமாவது அரிது. துருவும், கை நுழையாத இடமுமே பெரும்பாலும் காரணம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது என்பதால், இருபது வயதைத் தாண்டிய கார்களையே பலர் இன்னும் ஓட்டுகிறார்கள். என்னுடையதும் 1997 ஆம் ஆண்டுக் கொரோலா 110.

தொடங்குவதற்கு முன்

முதலில் நிலம். எங்கள் முற்றம் மணல். ஜக் காரை உயர்த்துவதற்குப் பதிலாகத் தானே மண்ணுக்குள் இறங்கும், அல்லது பாதி உயர்ந்தபின் சரியும். இரண்டு அங்குலத் தடிப்புள்ள முதிரைப் பலகை ஒன்றை, ஜக்கின் அடித்தட்டைவிட மூன்று மடங்கு அகலமாக வெட்டி, மணலைச் சமப்படுத்தி அதன்மேல் வைக்க வேண்டும். உயர்த்தியபின் இரும்புத் தாங்கி வைக்காமல் காருக்குக் கீழே தலையை நீட்டக் கூடாது. தாங்கிக்குக் கீழும் பலகை வேண்டும். தாங்கிக்குப் பதிலாகச் சீமெந்துக் கல்லை அடுக்கும் வழக்கம் இங்கே பரவலாக உண்டு. துளையுள்ள சீமெந்துக் கல் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரே கணத்தில் நொறுங்கும் பொருள் என்பதால், கட்டிப்போட்ட ஆட்டைக்கூட அந்தக் காருக்கு அடியில் விடமாட்டேன்.

அடுத்தது உதிரிப்பாகம். மட்டக்களப்பு நகரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கிடைக்காத பாகத்தைக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் சொல்லி வைத்து, இரவு பஸ்ஸில் வரவழைக்க நேரிடும். இடையில் போயா (பௌர்ணமி) விடுமுறை வந்தால் கார் மூன்று நாள் கால் இல்லாமல் முற்றத்தில் நிற்கும். எனவே புதிய பாகம் கைக்கு வந்து, பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கும்வரை எதையும் பிரிக்காதீர்கள். கழலும்போது உடையக்கூடிய போல்ட், கிளிப், வாஷர் ஆகியவற்றையும் அதே பட்டியலில் சேர்த்து வாங்குவது நல்லது. உடையாவிட்டால் டப்பாவில் கிடக்கட்டும்.

துருப்பிடித்த போல்ட்

இது பொறுமையின் வேலை என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் பொறுமையை எந்த ஒழுங்கில் செலவழிப்பது என்று சொல்பவர்கள் குறைவு. சனிக்கிழமை வேலை என்றால் புதன்கிழமை மாலையே தொடங்க வேண்டும். வெளியே தெரியும் புரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து உப்பையும் மண்ணையும் நீக்கிய பின்னரே துரு இளக்கும் ஒயிலை விட வேண்டும். தேய்க்காமல் விட்டால் ஒயில் துருவின் மேற்புறத்தை நனைத்துவிட்டு வழிந்து போகும். வியாழனும் வெள்ளியும் மீண்டும் விட்டு, ஒவ்வொரு முறையும் போல்ட்டின் தலையில் சுத்தியலால் நாலைந்து முறை நேராகத் தட்டுங்கள். அந்த அதிர்வு புரிகளுக்கிடையே நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கி ஒயிலுக்கு வழிவிடும். ஓட்டோ கியர் ஒயிலையும் அசிற்றோனையும் சம அளவில் கலந்து வைத்துக்கொள்பவர்கள் உண்டு. அது நன்றாகவே ஊடுருவும், ஆனால் மிக எளிதில் தீப்பற்றும் கலவை என்பதால், அது விட்ட இடத்துக்கு அருகில் பிறகு நெருப்பைக் கொண்டுபோகக் கூடாது.

சனிக்கிழமை வந்ததும் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு சிறு அசைவு கொடுங்கள். துருவின் பிடி இறுக்கும் திசையிலும் உடையும், சில வேளைகளில் அங்கேதான் முதலில் உடையும். பிறகு தளர்த்தும் பக்கம். அசைந்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் தொடர்ந்து திருப்பிக்கொண்டே போவதுதான் பலர் செய்யும் தவறு. கால் சுற்றுத் தளர்த்தி, அதில் பாதியைத் திரும்ப இறுக்கி, ஒயில் விட்டு, மீண்டும் தளர்த்த வேண்டும். துருத்தூள் புரிக்குள் சேர்ந்து இறுகினால், இதுவரை நன்றாக வந்துகொண்டிருந்த போல்ட் நடுவழியில் முறுகி உடையும். பன்னிரண்டு முனைச் சொக்கற்றை இந்த வேலைக்கு எடுக்காதீர்கள், ஆறு முனையுள்ளதே துருப்பிடித்த தலையை உருட்டாமல் பிடிக்கும்.

நெம்புகோலுக்குக் குழாய் மாட்டுவது பற்றியும் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மீற்றர் நீளக் குழாயின் நுனியில் 50 கிலோகிராம் எடையைச் சாய்த்தால் ஏறக்குறைய 490 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை கிடைக்கும். சில்லு நட்டுக்கே அது மிக அதிகம். 8 மில்லிமீற்றர் போல்ட்டை இறுக்குவதற்கோ 20 முதல் 25 நியூட்டன் மீற்றர்தான் தேவை. அதற்குக் குழாய் மாட்டுவது கழற்றுவது ஆகாது, அறுப்பதே ஆகும். சிறிய போல்ட்டுக்கு வெப்பம்தான் வழி. போல்ட்டைச் சுற்றியுள்ள உலோகத்தைச் சூடாக்கினால் துளை விரியும். சூடாக இருக்கும்போதே மெழுகுதிரியைப் புரியின் ஓரத்தில் தொட்டால் உருகிய மெழுகு உள்ளே இழுபடும். பெற்றோல் குழாய், பிறேக் குழாய், இறப்பர் புஷ் ஆகியவை அருகில் இருந்தால் நெருப்பை மறந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு உடைந்தால், கடையில் விற்கும் இடப்புரி உருவியை (உடைந்த போல்ட்டில் துளையிட்டு, தளர்த்தும் பக்கம் திருகி எடுக்கும் கருவி) அவசரமாகத் துளைக்குள் செலுத்தாதீர்கள். அது மிகக் கடினமான, அதே வேளை நொறுங்கும் உருக்கு. உள்ளே உடைந்தால் சாதாரணத் துளைப்பான் அதைக் கீறக்கூட முடியாது. உடைந்த முனை சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், அதன்மேல் புதிய நட்டு ஒன்றை வைத்து உள்ளிருந்து ஒட்டித்தரும்படி வெல்டிங் கடைக்காரரிடம் கேளுங்கள். ஒட்டும்போது உண்டாகும் வெப்பமே பாதி வேலையைச் செய்துவிடும். காரில் வைத்து ஒட்டுவதாயின் பற்றரியைக் கழற்றிவிட வேண்டும்.

பின்சில்லுப் பிறேக்

வீட்டில் செய்யும் வேலைகளில் என்னை அதிகம் வாட்டியது பின்சில்லோடு சுழலும் பிறேக் கிண்ணமான டிரம்தான். மார்கழி வெள்ளத்தில் ஓடிய கார் ஒரு வாரம் அசையாமல் நின்றால், டிரம் தன் நடுவிலுள்ள ஹப்பை, அதாவது சில்லு பூட்டப்படும் மையப் பகுதியை, பற்றிக்கொள்ளும். முதலில் கைப்பிறேக்கை விடுவித்து, கார் உருளாதபடி முன்சில்லுகளுக்கு அடை கொடுங்கள். டிரம்மின் முகத்தில் புரியிட்ட இரண்டு சிறு துளைகள் பல ஜப்பானியக் கார்களில் இருக்கும். அவற்றில் 8 மில்லிமீற்றர் போல்ட் இரண்டை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கினால், அவை ஹப்பை உதைத்து டிரம்மை வெளியே தள்ளும். இந்தத் துளைகளின் பயன் தெரியாமல் நான் முதல் முறை சுத்தியலால் அடித்து டிரம்மின் விளிம்பை உடைத்தேன். போல்ட்டுகளுக்கும் வராவிட்டால், உள்ளிருந்து டிரம்மை அழுத்தும் பிறேக் சூ டிரம்மின் உட்புற விளிம்பில் சிக்கியிருக்கிறது என்று பொருள். பின்தட்டிலுள்ள இறப்பர் மூடியைக் கழற்றி, அதனூடாகத் தட்டைத் திருப்புளியால் சூவின் இடைவெளியைச் சரிசெய்யும் பற்சக்கரத்தைத் திருப்பி சூவைச் சுருக்க வேண்டும்.

உள்ளே இருக்கும் தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய சூக்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும் என்பதால் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஸ்பிரிங் பூட்டும்போது கண்ணாடி அணிவது கட்டாயம். ஒரு சில்லை முழுதாகப் பூட்டி முடிக்கும்வரை மறு சில்லின் டிரம்மைக் கழற்றக் கூடாது, ஏனெனில் எந்த ஸ்பிரிங் எந்தத் துளைக்கு என்ற குழப்பம் வரும்போது மறுபக்கம்தான் உங்கள் படம். ஆனால் அது கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல இடவலம் மாறியிருக்கும் என்பதை மறக்காதீர்கள். தொலைபேசியில் எடுத்த படம் இருந்தாலும், ஒயில் கையோடு திரையைத் தொடுவதைவிடத் திரும்பிப் பார்ப்பது எளிது.

பிறேக் குழாயில் காற்று எடுக்கும் நிப்பிளைப் பற்றி இன்னொரு எச்சரிக்கை. புதிய பாகங்களை எல்லாம் பூட்டி முடித்துவிட்டு, கடைசியில் நிப்பிளைத் திறக்கப்போய் அது உடைந்தால், முழு வேலையையும் மீண்டும் பிரிக்க வேண்டும். ஆகவே வேலையின் முதல் அடியாக நான்கு நிப்பிள்களும் அசைகின்றனவா என்று பாருங்கள். காற்று எடுக்கும்போது உள்ளே ஒருவர் மிதிக்க வேண்டும். என் மருமகனிடம் "மிதியுங்க மகன்" என்பதற்கும் "விடுங்க மகன்" என்பதற்கும் இடையே, நான் நிப்பிளை இறுக்கி "சரி" என்று சொல்லும்வரை காலை எடுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் செய்திருக்கிறேன். முன்பே கால் எடுத்தால் வெளியேறிய காற்று திரும்ப உள்ளே போகும். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் என்பதால், போன வருடம் திறந்து பாதியில் வைத்த போத்தலைப் பயன்படுத்தாதீர்கள். பெயின்ற் மீது சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முன்சில்லுப் பகுதி

ஸ்டியரிங்கின் அசைவைச் சில்லுக்குக் கொண்டுபோகும் டை ரொட் எண்டும், சில்லைத் தாங்கும் கீழ்க்கையின் (lower arm) நுனியிலுள்ள போல் ஜொயின்டும் கூம்பு வடிவத் தண்டால் இறுகியிருப்பவை. நட்டைக் கழற்றிவிட்டு மேலிருந்து புரியின் தலையில் அடித்தால் புரி காளான்போல விரிந்துவிடும், ஜொயின்ட் அசையாது. நட்டைச் சில புரிகளில் விட்டு வைத்து, தண்டு நுழைந்திருக்கும் இரும்புக் காதின் பக்கவாட்டில் கனத்த சுத்தியலால் இரண்டு மூன்று பலத்த அடி கொடுத்தால், காது ஒரு கணம் நெளிந்து கூம்பை விட்டுவிடும். டை ரொட் எண்டைத் திருகி எடுக்கும்போது எத்தனை சுற்று வந்தது என்று எண்ணி எழுதிவைத்து, புதியதை அதே அளவு சுற்றிப் பூட்டினால், சில்லுக் கோணம் பார்க்கும் இடம்வரை ஓட்டிப்போகலாம்.

இறப்பர் புஷ் மாற்றும்போது பலர் தவறவிடும் ஒன்று உண்டு. கீழ்க்கையின் புஷ் போல்ட்டைக் கார் தூக்கியிருக்கும் நிலையில் முழுதாக இறுக்கினால், காரைக் கீழே இறக்கியதும் இறப்பர் முறுக்கேறிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழியும். கையளவில் இறுக்கி, சில்லுகள் நிலத்தில் பாரம் தாங்கிய பின்னர் இறுதியாக இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் "போலிப் புஷ் தந்துவிட்டார்கள்" என்று கடைக்காரரை ஏசியவர்களில் நானும் ஒருவன். சில தானியங்கிக் கியர்க் கார்களில் கீழ்க்கையின் ஒரு போல்ட் கியர்ப்பெட்டியில் முட்டி வெளியே வராது. எஞ்சினைத் தாங்கி உயர்த்தியோ, கீழ்ச்சட்டத்தை இறக்கியோதான் அதை எடுக்க முடியும். ஆகவே போல்ட் வெளியேற நேர்வழி இருக்கிறதா என்று முதலில் டோர்ச் அடித்துப் பாருங்கள்.

கை நுழையாத சிறு வேலைகள்

முன்விளக்கு பல்ப்பைப் பூட்டும் கம்பிக் கொக்கி கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால், தொலைபேசியை உள்ளே நீட்டிப் படமெடுத்துப் பார்த்துவிட்டுப் பின்னர் விரலால் தேடுங்கள். பல்ப்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது, பட்ட எண்ணெய் சூட்டில் கருகி அது விரைவில் வெடிக்கும்.

கையால் சுற்றும் கதவுக் கண்ணாடியின் பிடியைக் கழற்ற நெம்பி, பிளாஸ்ரிக்கை உடைத்தவர்கள் பலர். பிடிக்கும் கதவுக்கும் இடையே குதிரை லாட வடிவக் கிளிப் ஒன்று இருக்கிறது. அந்த இடைவெளியில் பழைய துணி ஒன்றைச் செருகி, இரு கையாலும் மாறி மாறி இழுத்தால் துணி கிளிப்பைக் கௌவி வெளியே தள்ளும். பறக்கும் கிளிப்பைப் பிடிக்க மறு பக்கம் ஒருவர் உள்ளங்கையை வைத்திருப்பது நல்லது, இல்லாவிட்டால் மணலில் அதைத் தேடவே அரை மணி நேரம் போகும்.

தீப்பொறிப் பிளக்கை எஞ்சின் ஆறியபின்னர் மட்டுமே தொடுங்கள். புதியதை ஒரு துண்டு இறப்பர்க் குழாயில் செருகி விரலால் திருகித் தொடங்கினால், புரி மாறி ஏறும் வாய்ப்பில்லை. குழாய் வழுக்கினால் நிறுத்துங்கள். பூச்சுள்ள புதிய பிளக்குக்குக் கிறீஸ் பூசத் தேவையில்லை, பூசினால் அதிகமாக இறுகிவிடும்.

குளிர்சாதனக் கொயில் மாற்றுவதை வீட்டில் தொடங்காதீர்கள். டாஷ்போர்டைக் கழற்ற ஒரு நாள் போவது ஒருபுறம், உள்ளிருக்கும் வாயுவை இயந்திரத்தால் எடுத்த பின்னரே குழாயைத் திறக்க வேண்டும் என்பது மறுபுறம். வேறு காரணத்துக்காக ஸ்டியரிங் பக்கம் பிரிக்க நேர்ந்தால் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, ஏர்பேக்கின் மின்சாரம் வடியக் குறைந்தது 90 செக்கன் காத்திருக்க வேண்டும். கிளச்சும் வீட்டில் தொடங்கக் கூடாத வேலைதான். கியர்ப்பெட்டியை மணல் முற்றத்தில் நெஞ்சில் வைத்து ஏந்தும் வேலையைக் கராஜுக்கே விடுங்கள்.

பூட்டும்போது

கழற்றிய ஒவ்வொரு போல்ட்டையும் தூரிகையால் துடைத்து, புரியில் மிக மெல்லிய கிறீஸ் பூசிப் பூட்டுங்கள். சில்லு அமரும் ஹப்பின் முகத்திலும் சிறிது பூசலாம், சில்லு நட்டின் புரியிலும் சாய்விலும் வேண்டாம். டொயோட்டாவின் பல கார்களுக்குச் சில்லு நட்டை இறுக்கும் அளவு 103 நியூட்டன் மீற்றர். முறுக்கு அளக்கும் ஸ்பனர் இருந்தால் இரண்டு கட்டமாக, எதிரெதிர் நட்டுகளாக இறுக்குங்கள். ஏறக்குறைய 100 கிலோமீற்றர் ஓடிய பின்னர், கார் ஆறிய நிலையில் ஒவ்வொரு நட்டையும் மீண்டும் சரிபார்க்க வேண்டும். கையில் மிஞ்சும் கறுப்பைத் தேசிக்காய்ச் சாறும் சீனியும் சேர்த்துத் தேய்த்தால் சவர்க்காரத்தைவிட வேகமாகப் போகும்.