நள்ளிரவு உலகக் கோப்பை: மதுரை இரவுக்கடைகள் தயாராவது எப்படி?

2026 கால்பந்து உலகக் கோப்பை ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ ஆகிய 3 நாடுகளில் நடைபெறுகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள். அங்கே பகலிலும் மாலையிலும் நடப்பவை நமக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வருவதால், தூங்கா நகரத்தின் பரோட்டாக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் இது நல்ல வியாபாரக் காலம்.

படி 1: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

தொடக்க ஆட்டம் மெக்சிகோ நகரில் 11ஆம் தேதி பகல் 1 மணிக்கு. நமக்கு அது வியாழன் இரவு 12.30. பிரேசில்–மொராக்கோ ஆட்டம் ஜூன் 14 ஞாயிறு விடியற்காலை 3.30 மணிக்கும், அர்ஜென்டினா–அல்ஜீரியா ஆட்டம் ஜூன் 17 புதன் காலை 6.30 மணிக்கும் தொடங்கும். எல்லா ஆட்டத்துக்கும் விழித்திருக்க வேண்டியதில்லை. பரோட்டாக் கடை 12.30 ஆட்டங்களையும், டீக்கடை 6.30 ஆட்டங்களையும் எடுத்துக்கொண்டால் போதும்.

பலகையில் தேதியைவிடக் கிழமையைப் பெரிதாக எழுதுங்கள். 2014 இறுதியாட்டத்துக்கு நான் எங்கள் கடையில் "ஜூலை 14, இரவு 12.30" என்று எழுதி வைத்தேன். கணக்குப்படி அது சரிதான். ஆனால் பார்த்தவர்கள் திங்கள் இரவு என்று எடுத்துக்கொண்டதால், ஞாயிறு இரவு உருட்டி எண்ணெய் தடவி வைத்த மாவு அப்படியே கிடந்தது. திங்கள் காலை டிவியில் ஜெர்மனி வென்ற செய்தியைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் வாங்கிய பேச்சு தனி.

படி 2: பெயரையும் படத்தையும் எடுத்தாளாதீர்கள்

ஃபிஃபாவின் பெயர், கோப்பையின் உருவம், போட்டிச் சின்னம் ஆகியவை உரிமம் பெற்ற விளம்பரதாரர்களுக்கே உரியவை. ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் கேட்காமலேயே அவற்றைச் சேர்த்துத் தருவார்கள், மறுத்துவிடுங்கள். மெஸ்ஸியின் படமும் வேண்டாம். பரோட்டா மாஸ்டர் பந்தை உதைப்பதுபோல வரைந்து வைத்தால் எவரும் கேள்வி கேட்க முடியாது, பார்ப்பவர்களும் சிரிப்பார்கள். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையில் அதிகாரபூர்வ விளம்பரதாரர் கோகோ கோலா. "எங்களிடம் அதிகாரபூர்வமாக எதுவுமில்லை" என்ற பொருளில் விளம்பரம் செய்தே பெப்சி பெயரைத் தட்டிச் சென்றது. கட்டணம் வாங்கிப் பெரிய திரையில் ஆட்டத்தைக் காட்டுவதற்கும் தனி உரிமம் வேண்டும் என்பதால், அந்த யோசனையை விட்டுவிட்டு, செல்போனுக்குச் சார்ஜ் போட நாலு பிளக் பாயிண்ட் வைத்துக்கொடுங்கள்.

படி 3: இடைவேளையைக் கணக்கில் வையுங்கள்

எனக்குத் தெரிந்தவரை வியாபாரம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். 12.30க்குத் தொடங்கும் ஆட்டத்தில் ஏறத்தாழ 1.20 மணிக்கு 15 நிமிட இடைவேளை வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வருவார்கள். அந்த நேரத்தில் கொத்து பரோட்டா போட்டுத் தருகிறேன் என்றால் கல்லில் இடம் போதாது. 2 பரோட்டா, ஒரு ஆம்லெட், சால்னா என ஒரே விலையில் ஒரே பார்சலாக 1.10க்குள் கட்டி அடுக்கிவிட்டால், கல்லாவில் நிற்பவர் சில்லறை கொடுக்க மட்டும் நின்றால் போதும். கறி தோசையை ஆட்டம் முடிந்த பிறகு ஊற்றலாம்.

படி 4: சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லுங்கள்

ஆட்ட நாளன்று மாலை 6 மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் கிழமை, நேரம், பார்சல் விலை ஆகிய மூன்றை மட்டும் போடுங்கள். எத்தனை மணிவரை கடை திறந்திருக்கலாம் என்பதை உங்கள் பகுதிக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எத்தனை பார்சல் போயின, எத்தனை மிஞ்சின என்று நோட்டில் எழுதி வந்தால், ஜூலை 19 ஞாயிறு இரவு 12.30 இறுதியாட்டத்துக்கு எத்தனை கிலோ மைதா பிசைவது என்று அந்த நோட்டைப் பார்த்தே முடிவு செய்யலாம்.