'எல்லோரும்' என்ற சொல்லில் போன புள்ளிகள்

போட்டிப் பரீட்சைக்கான நுண்ணறிவுத் தாளில் எனக்குத் தொடர்ந்து புள்ளி குறைந்த இடம் ஒன்றுதான்: கூற்றுக்குள் மறைந்திருக்கும் எடுகோளைக் கண்டுபிடிக்கும் வினாக்கள். வாசிக்கும்போது எல்லாத் தெரிவும் சரி மாதிரித்தான் இருக்கும். கொழும்பு விஹாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்திலுள்ள பொது நூலகத்தில் இருந்து, பிழைத்த வினாக்களை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கூற்றிலிருந்து பிறகு வருகிற முடிவை எடுகோள் என்று தெரிவு செய்திருந்தேன். எடுகோள் கூற்றுக்கு முன்னாலேயே இருப்பது. சொன்னவர் வாய்விட்டுச் சொல்லாமல் நம்பியிருப்பது.

பம்பலப்பிட்டியில் ஒரு கோயில் வாசலில் கண்ட அறிவித்தல்: "உள்ளே கைப்பேசியை நிறுத்தி வைக்கவும்." 'வருபவர்களில் சிலரிடமாவது கைப்பேசி இருக்கும்' என்பது இதன் எடுகோளா என்று அறிய, அதை மறுத்துப் பார்த்தேன், அதாவது அது பொய் என்று வைத்துக்கொண்டேன். ஒருவரிடமும் இல்லையென்றால் அறிவித்தலுக்கே வேலையில்லை. ஆகவே அது எடுகோள். 'எல்லாப் பக்தர்களும் கொண்டுவருவார்கள்' என்பதை மறுத்தால்? பாதிப்பேர் கொண்டுவராவிட்டாலும் அறிவித்தல் அப்படியே நிற்கிறது. அது எடுகோள் அல்ல. 'சத்தம் முற்றாக நின்றுவிடும்' என்பதும் அப்படித்தான். சிலராவது கேட்பார்கள் என்ற நம்பிக்கை போதும்.

இப்போது ஒரு தெரிவில் இப்படி அளவுக்கு மீறிச் சொல்லும் 'மட்டுமே', 'எல்லோரும்', 'கட்டாயம்' போன்ற சொல் வந்தால் பென்சிலால் கோடிட்டு, மறுத்துப் பார்த்தே தீர்மானிக்கிறேன். அந்தச் சொல்லைக் கண்டவுடனே வெட்டுவதும் ஆபத்து. கூற்றே "இதுதான் ஒரே வழி" என்று பேசினால் அந்தத் தெரிவு சரியாகவும் வரலாம். முதல் வாரம் ஒரு வினாவுக்கு 3 நிமிடம் போனது. இப்போது 1 நிமிடத்துக்குள் முடிகிறது.