நோயா, மருந்தா, மனசா? ஆட்டோஇம்யூன் நோயாளிகள் சோர்வைப் பிரித்துப் பார்ப்பது எப்படி

எதிர்ப்பு சக்தி நம் உடம்பையே தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்களில் ஒன்றான முடக்குவாதம் எனக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. முதல் இரண்டு வருஷம் டாக்டரிடம் மூட்டுகளைப் பற்றி மட்டும்தான் பேசினேன். எந்த விரல் வீங்கியது, காலையில் கை மடங்க எவ்வளவு நேரம் ஆனது, அவ்வளவுதான். சட்டையின் மூன்றாவது பொத்தானைப் போட முடியாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுததைச் சொன்னதே இல்லை. அது நோய்க் கணக்கில் வராது, நான்தான் மனசளவில் பலவீனமாகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய தப்பு. அந்த அழுகைக்குக் காரணம் நோயாக இருக்கலாம், மருந்தாக இருக்கலாம், நிஜமான துக்கமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு, அதனால் முதலில் எது என்று கண்டுபிடிக்கப் பாருங்கள்.

நோயிலிருந்து ஆரம்பிப்போம். காய்ச்சல் வந்தால் யாரோடும் பேசப் பிடிக்காமல் சுருண்டு படுத்துக்கொள்ளத் தோன்றும், இல்லையா? எதிர்ப்பு சக்தி வேலை செய்யும்போது உடம்பில் சுரக்கும் சைட்டோகைன் என்ற பொருட்கள் மூளைக்கும் சேதி அனுப்புவதால் வருவது அது. காய்ச்சல்காரருக்கு நாலு நாளில் சரியாகிவிடும். நம் எதிர்ப்பு சக்தி நம் உடம்போடேயே சண்டை போடுவதால் நமக்கு அது மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் மனசு திடீரென்று விழுந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்: அழற்சி எப்படி இருக்கிறது, ஹீமோகுளோபின், பி12, முக்கியமாக தைராய்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் டிஎஸ்எச். தைராய்டு குறைந்தால் வரும் மந்தமும் மனச்சோர்வும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒரு ஆட்டோஇம்யூன் நோய் இருப்பவருக்கு தைராய்டும் சேர்ந்து வருவது அபூர்வம் இல்லை. லூபஸ் என்ற ஆட்டோஇம்யூன் நோய் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், அது மூளையையே நேராகத் தாக்குவதும் உண்டு. குழப்பம், வலிப்பு, இல்லாத குரல் கேட்பது என்று எதுவானாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்தது மருந்து. ஒருமுறை பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையின் டோஸைக் கூட்டிய நாலாம் நாள், ராத்திரி மூன்று மணிக்கு அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் தரையில் கொட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். தங்கை எழுந்து வந்து "என்னக்கா பண்றே?" என்றாள். அந்த ஒரு கேள்விக்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன் பாருங்கள், இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஸ்டீராய்டு தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலைக் கிளப்பும், சிலருக்குக் காரணமே இல்லாத உற்சாகத்தைத் தரும், சிலரை ஒரேயடியாக அமுக்கிவிடும். டோஸ் ஏற ஏற ஆபத்தும் ஏறும். 1972இல் பாஸ்டனில் ஒரு குழு வெளியிட்ட ஆய்வில், தினம் 40 மில்லிகிராம் வரை எடுத்தவர்களில் சுமார் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் மனநலப் பாதிப்பு வந்தது, 80க்கு மேல் எடுத்தவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு வந்தது. மாத்திரையைக் காலையிலேயே எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், தூக்கம் கொஞ்சம் தப்பிக்கும். ஆனால் பயந்துபோய் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். நாள்பட ஸ்டீராய்டு எடுத்தால், உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சரி, எது எது என்று எப்படிப் பிரிப்பது? தினம் ஒரே ஒரு வரி. எத்தனை மணி நேரம் தூங்கினேன், வலி பத்துக்கு எத்தனை, மனசு பத்துக்கு எத்தனை, மருந்தில் மாற்றம் உண்டா, அன்றைக்கு என்ன நடந்தது. எழுதக் கை வராத நாளில் போனில் பேசிப் பதிவு செய்துவிடுங்கள். ஆறு வாரம் விடாமல் செய்துவிட்டு மொத்தமாகப் பாருங்கள். வீக்கமும் மனசும் சேர்ந்தே ஏறி இறங்கினால் நோய்மேல் சந்தேகப்படலாம். டோஸ் மாறிய சில நாட்களிலேயே மனநிலை மாறியிருந்தால் மருந்து. முடக்குவாதத்துக்கு வாராவாரம் எடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்தை எடுத்த மறுநாள் மட்டும் உலகமே இருண்டுபோனால் அதுவும் இங்கேயே தெரிந்துவிடும். இரண்டோடும் பொருந்தவில்லையா, அப்போது வாழ்க்கையைப் பாருங்கள். மூன்றும் கலந்து வரும் வாரங்களும் வரும், அந்த வாரங்களில் துப்பறிய உட்காராதீர்கள்.

மூன்றாவது, நிஜமான துக்கம். அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. போன வருஷம் செய்த வேலையை இந்த வருஷம் செய்ய முடியவில்லை, அடுத்த மாதம் எப்படி இருப்போம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, போதாக்குறைக்கு "பார்க்க நல்லாத்தானே இருக்கே" என்கிறார்கள். எது போய்விட்டது என்று குறிப்பாகச் சொல்லிப் பாருங்கள். "எல்லாம் போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்கு மருந்தே கிடையாது. "பேனா பிடித்து ஒரு பக்கம் எழுத முடியவில்லை" என்றால் அதற்கு அழலாம், மாற்று வழியும் தேடலாம். "நல்லாத்தானே இருக்கே" என்பவர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில்: "வெளியே தெரியாது, உள்ளே வலிக்குது." அதற்குமேல் விளக்க மாட்டேன். விளக்கினால் அதற்கும் ஒரு நாள் சக்தி போய்விடும்.

நல்ல நாளில்தான் நாம் கெட்டுப்போகிறோம். உடம்பு லேசாக இருக்கிறதே என்று பத்து நாள் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் படுக்கையில் கிடந்து, அப்புறம் நான் எதற்கும் லாயக்கில்லை என்று புலம்புவது. இருபது நிமிஷத்துக்கு அலாரம் வையுங்கள், இன்னும் தெம்பு இருக்கும்போதே நிறுத்துங்கள். எரிச்சலாக வரும். வரட்டும்.

கடைசி இரண்டு வாரத்தில் பெரும்பாலான நாட்கள் எதிலும் ஆசை இல்லாமல், அல்லது மனசு கனமாகவே இருந்தால், அடுத்த தடவை டாக்டரிடம் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு "அப்புறம் டாக்டர்..." என்று ஆரம்பிக்காதீர்கள், நான் அப்படித்தான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன். களைப்பையும் தூக்கமின்மையையும் நோய் தலையில் போட்டுவிடலாம். ஆசை அற்றுப்போவதையும் நான் எதற்கும் உதவாதவள் என்ற நினைப்பையும் அப்படித் தள்ளிவிடக் கூடாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி கவுன்சிலிங் இதற்கு உதவும். மனநல மாத்திரை எழுதினால், நீங்கள் எடுக்கும் எல்லா மருந்தின் பட்டியலையும் காட்டுங்கள். செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அந்த நிமிஷமே யாரையாவது கூப்பிட்டு அவசரச் சிகிச்சைக்குப் போங்கள்.

வீட்டில் ஒருவருக்காவது இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். டோஸ் கூடும் வாரங்களுக்குக் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டுவைக்கிறேன். நான் கத்தினால் தங்கை பதில் பேசாமல் அந்த வட்டத்தைக் காட்டுவாள். பாதி நாள் அதற்கும் சேர்த்துத்தான் கத்துவேன்.