வேலையை விடாமல் கால்நடை மருத்துவப் படிப்புக்குத் தயாராவது எப்படி?

பிளஸ் டூ முடித்து, வீட்டு நிலைமைக்காக ஒரு வேலையில் சேர்ந்தாயிற்று. ஆனால் பி.வி.எஸ்சி. (கால்நடை மருத்துவப் பட்டம்) ஆசை மட்டும் விடவில்லை. "ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படி" என்று சொல்ல யாருக்கும் வசதியும் இல்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கோச்சிங் சென்டரில் நாள் முழுக்க இருக்கும் மாணவரின் டைம்டேபிளை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். நான்காம் நாளே கிழித்துப் போடுவீர்கள்.

படி 1: எந்த வழி என்று முடிவு செய்யுங்கள்

தமிழ்நாட்டில் மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் கிடையாது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறது. உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50, ஆக மொத்தம் 200. உங்கள் கட் ஆஃப் நன்றாக இருந்தால் விண்ணப்பித்துவிடுங்கள், இந்த வழியில் படித்துத் தயாராக எதுவும் இல்லை.

கட் ஆஃப் போதவில்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் 15 சதவீத இடங்கள் அகில இந்திய ஒதுக்கீடு. அவற்றை இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் நீட் மதிப்பெண்ணைப் பார்த்து நிரப்புகிறது. வேலை பார்த்துக்கொண்டே உழைத்து மாற்றக்கூடிய எண் இது ஒன்றுதான். இனி சொல்வதெல்லாம் இந்த வழிக்காகத்தான். தகுதி விதிகளை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் ஒருமுறை படித்துவிடுங்கள்.

படி 2: முதலில் ஷிப்டு, பிறகு சிலபஸ்

பலரும் புத்தகத்தை வாங்கிவிட்டு நேரம் தேடுவார்கள். தலைகீழாகச் செய்யுங்கள். ஒரு வாரம் முழுக்க எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், பஸ்ஸில் எவ்வளவு நேரம் போயிற்று, எப்போது கண் சொருகியது என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். தினமும் மாறாமல் கிடைக்கும் இரண்டு மணி நேரம் அதில் தெரிகிறதா என்று பாருங்கள். ஒருநாள் ஐந்து மணி நேரமும் மறுநாள் பூஜ்யமுமாகக் கிடைப்பதைவிட இதுவே மேல்.

அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கவே இல்லையென்றால், படிப்பு முறையை மாற்றிப் பயனில்லை. வேலை நேரத்தைத்தான் மாற்ற வேண்டும். முதலாளியிடம் "சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, ஷிப்டு மட்டும் மாறாமல் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். வாரத்துக்கு வாரம் பகலும் இரவுமாக மாறும் ஷிப்டு, படிப்பவருக்கு எதிரி.

கால்நடை சம்பந்தப்பட்ட வேலைதான் பார்க்க வேண்டுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கட்டாயமில்லை. நீட்டில் அனுபவத்துக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் சில வேலைகளின் நேரமே வசதியாக அமைந்துவிடும். கிராமத்துப் பால் சொசைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு கறவை, மாலையில் ஒரு கறவை, நடுவில் பகல் முழுக்க உங்களுடையது. பாலின் அடர்த்தியைப் பார்க்கும் லாக்டோமீட்டரைப் பாலில் விடும்போது மிதத்தல் விதியும் அடர்த்தியும் கண்முன் வந்து நிற்கும். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணையில் இருப்பவர்கள் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே பாடத்தில் நோய் எதிர்ப்புத் திறன் என்ற தலைப்பில் படிக்கிறீர்கள். நாய், பூனை கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்தால், கடி வாங்கும் வரை காத்திருக்காமல் வெறிநாய்க்கடி தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது பற்றி அங்குள்ள டாக்டரிடம் கேளுங்கள்.

படி 3: தெளிவான நேரம் இயற்பியலுக்கு, களைத்த நேரம் உயிரியலுக்கு

நீட்டில் மொத்தம் 720 மதிப்பெண், அதில் 360 உயிரியல். 90 கேள்விகள். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 45. இதைப் பார்த்ததும் நல்ல நேரத்தையெல்லாம் உயிரியலுக்கே கொடுக்கத் தோன்றும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வேலை முடிந்து வந்த மூளையால் உயிரியலில் ஒரு பக்கமாவது படிக்க முடியும், படம் வரைந்து பாகம் குறிக்க முடியும். அதே மூளையிடம் சுழல் இயக்கக் கணக்கைக் கொடுத்தால் முதல் வரியிலேயே நின்றுவிடும்.

அதனால் விடிகாலையில் ஒரு மணி நேரம் இயற்பியல் கணக்கு அல்லது இயற்பு வேதியியல். இரவில் உயிரியல் வாசிப்பு. பஸ்ஸில் தனிம வரிசை அட்டவணை, கரிம வேதியியல் வினைகள், தாவர வகைப்பாடு போன்ற மனப்பாடச் சமாச்சாரங்கள். சின்ன அட்டையில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். செல்போனில் வைத்தால் பத்து நிமிடத்தில் ரீல்ஸில் இருப்பீர்கள்.

புத்தகம் குறைவாக இருக்கட்டும். என்.சி.இ.ஆர்.டி.யின் 11, 12-ஆம் வகுப்பு உயிரியலை வரி விடாமல் படிக்க வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் அரசுப் பாடநூலில் கருத்தைப் புரிந்துகொண்டு, அப்புறம் என்.சி.இ.ஆர்.டி.யோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நீட்டைத் தமிழில் எழுதலாம். ஆனால் மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலக் கேள்வியே இறுதியானது, அதனால் ஆங்கிலக் கலைச்சொற்களும் பழகியிருக்க வேண்டும். இன்னொன்று, 2024-இல் சிலபஸில் சில பகுதிகளை நீக்கிவிட்டார்கள். பழைய கைடைக் கடனாக வாங்கியிருந்தால், தேவையில்லாத பாடத்தில் நேரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஞாயிறு மதியம் இரண்டு முதல் ஐந்து வரை

தேர்வு நடப்பது மதியம் இரண்டு மணிக்கு. வாரம் முழுக்க வேலை பார்த்த உடம்பு ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கத்தான் கேட்கும். அதனால்தான் மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் எழுதச் சொல்கிறேன். 180 கேள்வி, 180 நிமிடம். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 போய்விடும். ஆரம்பத்தில் மாதம் ஒன்று போதும், கடைசி இரண்டு மாதம் வாராவாரம் எழுதுங்கள். தப்பான கேள்விகளை அன்றே பார்க்க வேண்டாம். திங்கள், செவ்வாய் இரவுகளில், "தெரியவில்லை", "தெரிந்தும் அவசரம்", "குருட்டு யூகம்" என்று பிரித்துப் பாருங்கள். மூன்றாவது வகை அதிகமாக இருந்தால், விட்டுவிடக் கற்றுக்கொள்வதே சட்டென்று மதிப்பெண் கூட்டும் வழி.

படி 5: லீவும் சான்றிதழும்

லீவை மாதாமாதம் செலவழிக்காமல் சேர்த்து வைத்துத் தேர்வுக்கு முந்தைய பத்துப் பதினைந்து நாட்களுக்குக் கேளுங்கள். கேட்பதைப் பொங்கல் வாக்கிலேயே கேட்டுவிடுங்கள். ஏப்ரலில் கேட்டால் யாரும் தர மாட்டார்கள்.

நம்மூரில் பலர் கோட்டை விடும் இடம் சாதிச் சான்றிதழ். மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்று அகில இந்திய ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. மத்திய அரசுப் பட்டியலில் உங்கள் சமூகம் இருந்தால், தனியாக ஓ.பி.சி. சான்று வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய ஒரு நாள் லீவு ஒதுக்குங்கள்.

நீட் ரிசல்ட் வந்ததும் வேலை முடியவில்லை. கால்நடை மருத்துவக் கவுன்சிலின் கலந்தாய்வுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். எம்.பி.பி.எஸ். கலந்தாய்வில் பதிந்தால் இதற்கும் சேர்ந்துவிடும் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். விருப்பப் பட்டியலில் சென்னை வேப்பேரி, நாமக்கல் கல்லூரிகளை மட்டும் போடாமல், கேரளத்தின் மண்ணுத்தி, பூக்கோடு, பெங்களூரு ஹெப்பால் என்று கொஞ்சம் பரப்பிப் போடுங்கள்.

சீட் கிடைத்தால் இன்டர்ன்ஷிப்பையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் முழுநேரப் படிப்பு, இடையில் வேலைக்குப் போக வழியில்லை. எனவே இப்போது வரும் சம்பளத்தில் மாதாமாதம் ஒரு தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். முதல் வருட விடுதிக் கட்டணமும் பயணச் செலவும் அதிலிருந்து வரட்டும்.