கொரியாவில் காதில் விழுகிற ஆங்கிலத்தை நம்பி ஏமாறாதீர்கள்

தென்கொரியாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்களுக்குக் கொரிய மொழியைக் கண்டுதான் பயம். தெரியாத சொல் வந்தால் யாரிடமாவது கேட்டுவிடுவோம். தெரிந்த மாதிரி இருக்கிற சொல் வந்தால் கேட்கமாட்டோம், தலையை ஆட்டிவிடுவோம். அகப்பட்டுக்கொள்வது அங்கேதான். கொரியர்கள் தங்கள் பேச்சில் கலக்கிற ஆங்கிலச் சொற்களுக்குப் பல நேரம் பொருளே வேறு.

சாப்பாட்டுக் கடையில் நாம் கேட்காத ஒரு தட்டு மேசைக்கு வரும். கடைக்கார அம்மா "ஸொபிஸு" என்பார். சர்வீஸ் சார்ஜ் போடப் போகிறார்கள் என்று பயந்து வேண்டாம் என்று கைகாட்டாதீர்கள். அது கொசுறு, காசு கிடையாது. தலை தாழ்த்தி வாங்கிக்கொண்டால் போதும். சுவரில் "செல்பு" என்று எழுதியிருந்தால் தண்ணீரை நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆளைக் கூப்பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பது அழகல்ல. "சிக்கின்" என்றால் பொரித்த கோழி மட்டும்தான். குழம்பு வைக்கக் கோழிக்கறி வேண்டுமென்றால் "தக்கோகி" என்று கேளுங்கள். "சைதா" ஆங்கில "சைடர்"தான், ஆனால் ஆப்பிள் மது அல்ல, எலுமிச்சை வாசமுள்ள நிறமற்ற சோடா.

வீடு தேடும்போது ஏமாற்றம் இன்னும் பெரிது. "பில்லா" என்று விளம்பரத்தில் பார்த்ததும் தோட்டம், மாடி, கேட் என்று கற்பனை ஓடும். அங்கே பில்லா என்பது நான்கு மாடிக்கு மேல் போகாத சாதாரண அடுக்குக் கட்டடம். பலவற்றில் லிஃப்ட்டே இருக்காது. மேல் மாடி என்றால் அரிசி மூட்டையையும் நினைத்துப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். "வொன்ரூம்" என்பது சமையல் மூலையும் குளியலறையும் சேர்ந்த ஒற்றை அறை. பண்ணை வேலைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். "ஹவுஸு" வேலை என்றால் வீட்டு வேலை இல்லை. பிளாஸ்டிக் தாள் போர்த்திய பயிர்க்கூடாரம் அது, முழுப் பெயர் "பினில் ஹவுஸு". வெயில் காலத்தில் உள்ளே அனலாகக் கொதிக்கும். 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் இலங்கையிலிருந்தும் ஆட்களை எடுக்கிறார்கள். அந்த வழியில் வருகிறவர்கள் ஒப்பந்தத்தில் இந்தச் சொல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்தது உச்சரிப்பு. புரியவில்லை என்று தெரிந்ததும் இன்னும் "சுத்தமான" ஆங்கிலத்தில், இன்னும் சத்தமாகச் சொல்கிறோம். சத்தம் உதவாது. கொரிய எழுத்தில் எஃப் ஒலி இல்லை, அது பெரும்பாலும் ப ஆகும். வி ஒலி பி ஆகும். இசட் ஒலி ஜ ஆகும். பீட்சா அங்கே "பிஜா". ஃபேனைப் பேன் ஆக்கிய நமக்கு இதில் என்ன கஷ்டம்? சொல்லின் கடைசியில் ஸ், ட் போன்றவை தனியாக நிற்க முடியாததால் ஓர் உகரம் ஒட்டிக்கொள்ளும். அந்த உகரம் கிட்டத்தட்ட நம் குற்றியலுகரம்தான்: "காசு" என்னும்போது உதடு குவியாமல் வருகிற அதே ஒலி. ஆங்கிலேயர்கள் இதற்குப் படாதபாடு படுவார்கள், நமக்கு அது பிறவியிலேயே உண்டு. டாக்ஸிக்காரரிடம் அமெரிக்கப் பாணியில் நாக்கைச் சுழற்றுவதை விட, ஊரில் சொல்வது போல "மெக்டொனால்டு" என்று நான்கு அசையாகச் சொன்னால் வண்டி சரியான இடத்தில் நிற்கும்.

ஒரே ஒரு இடத்தில் நம் பழக்கம் காலை வாரும். இலங்கைத் தமிழர்கள் வாய்நிறைய "கோப்பி" என்பார்கள். கொரியாவில் "கோ" மூக்கு, "பி" ரத்தம். கோப்பி என்றால் மூக்கிலிருந்து ரத்தம் வருவது. குடிக்கிற காபிக்கு முதல் எழுத்தைக் க-வுக்கும் கொ-வுக்கும் நடுவில், உதட்டைக் குவிக்காமல் சொல்லுங்கள்.

மாணவர்களுக்கு இரண்டு சொற்கள். கல்லூரி நண்பர் "மிடிங்" இருக்கிறது என்றால் நோட்டுப் புத்தகத்தோடு போய் நிற்காதீர்கள். முன்பின் தெரியாத பையன்களும் பெண்களும் சமமான எண்ணிக்கையில் கூடி அறிமுகமாகிற ஏற்பாடு அது. அலுவலகத்தில் அதே சொல் வழக்கமான பொருளிலும் வரும், ஆகவே யார் சொல்கிறார் என்று பாருங்கள். "அருபைடு" என்பது பகுதிநேர வேலை. ஆங்கிலத்தில் தேடினால் கிடைக்காது, ஜெர்மன் சொல் அது. சுருக்கி "அல்பா" என்பார்கள். மாணவர் விசாவில் இருப்பவர் குடிவரவு அலுவலகத்தில் அனுமதி வாங்காமல் அல்பாவுக்குப் போனால் விசாவுக்கே ஆபத்து. ஆள் தேவை என்ற பலகையைப் பார்த்ததும் "சும்மா உதவிதானே" என்று நினைத்துவிட வேண்டாம்.

"ஹெல்ஸு" (ஹெல்த்) போகிறேன் என்பவருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தமில்லை, ஜிம்முக்குப் போகிறார். "ஹ்வைடிங்!" (ஃபைட்டிங்) என்று முஷ்டியை உயர்த்துபவர் சண்டைக்கு வரவில்லை, தைரியம் சொல்கிறார்.

அப்புறம், திருத்துகிற வேலை வேண்டவே வேண்டாம். தேர்வில் காப்பியடிப்பதை அவர்கள் "கொன்னிங்" (கன்னிங்) என்றால், நாம் "பிட்" என்கிறோம். இரண்டுமே லண்டன்காரருக்குப் புரியாது. 2021-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியே இப்படிப்பட்ட கொரிய ஆங்கிலச் சொற்கள் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டது. உங்கள் மேலாளரிடம் "அது தப்பு ஆங்கிலம்" என்று சொன்னால் மிச்சமாவது மனக்கசப்புதான்.

ஆஸ்பத்திரிச் சொற்களை மட்டும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிடுங்கள், வலியோடு இருக்கும்போது ஊகிக்க முடியாது. "ரிங்கொ" என்றால் டிரிப்ஸ் ஏற்றுவது. "கிப்ஸு" என்றால் மாவுக்கட்டு. அடுத்து "ஏஎஸ்", அதாவது ஆஃப்டர் சர்வீஸ்: விற்ற பொருளைப் பழுதுபார்த்துத் தரும் சேவை. போனோ குக்கரோ பழுதானால் வாங்கிய கடையில் போய் மன்றாட வேண்டாம். "ஏஎஸ் சென்டொ" எங்கே என்று கேட்டால் வழி காட்டுவார்கள். வாங்கிய ரசீதை எடுத்துக்கொண்டு போங்கள்.